பாக்டீரியா பி12-ஐ எப்படி கட்டுது, என்சைம் உண்மைல என்ன வேலை பாக்குது?

கேள்வி இதுதான்: "வைட்டமினை செடி தயாரிக்குது, பாக்டீரியா தயாரிக்குதுன்னு எல்லா புக்லயும் போட்டிருக்கான், என்சைம் பண்ணுதுன்னு ஒரே வரில முடிச்சிடுறான், உள்ள அப்படி என்னதான் நடக்குது? அப்புறம் பி12 மட்டும் ஏன் எந்தக் காய்கறிலயும் இல்ல?"

ரெண்டாவது கேள்விக்கு பதில் முதல் கேள்விக்குள்ளயே இருக்கு, அதனால பி12-ஐயே வச்சு சொல்லிடுறேன். கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு விஷயம். என்சைம்னா ரியாக்‌ஷனை வேகப்படுத்துற புரதம்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். தப்பு இல்ல, ஆனா வைட்டமின் மாதிரி சிக்கலான பொருளைக் கட்டுற இடத்துல வேகம் பாதி கதைதான். ஒரு மூலக்கூறை அப்படியே விட்டா அது பத்து விதமா மாறலாம், அதுல ஒன்பதை நடக்க விடாம ஒண்ணை மட்டும் நடக்க விடுறதுதான் இங்க பெரிய வேலை. என்சைமுக்குள்ள ஒரு குழி இருக்கும், உள்ள வர்ற மூலக்கூறு ஒரே ஒரு மாதிரிதான் உக்கார முடியும், அப்படி உக்காந்ததும் எந்தக் கார்பன் எந்தப் பக்கம் பாக்கும்ங்கிறது முடிவாயிடும், ரியாக்‌ஷன் அந்த இடத்துலதான் நடக்கும். முழு வைட்டமினோட வரைபடம் எந்த என்சைம்கிட்டயும் கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் அதோட ஒரு ஸ்டெப் மட்டும்தான் தெரியும்.

பி12 எவ்ளோ பெருசுன்னா, கடைல கிடைக்கிற சயனோகோபாலமின்ல 63 கார்பன், 14 நைட்ரஜன், நடுவுல ஒரு கோபால்ட், மூலக்கூறு எடை 1355. வைட்டமின் சி வெறும் 176. 1948-ல அமெரிக்கால மெர்க் கம்பெனில கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவும், இங்கிலாந்துல கிளாக்ஸோல லெஸ்டர் ஸ்மித்தும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல இதை ஈரல்லேர்ந்து சிவப்புப் படிகமா பிரிச்சு எடுத்தாங்க. அதோட வடிவத்தை எக்ஸ்ரே வச்சு கண்டுபிடிச்சது டோரத்தி ஹாட்ஜ்கின், 1956-ல முழுசா வந்துச்சு, 1964-ல நோபல் பரிசு. அப்புறம் இதை லேப்ல மொட்டையா ஆரம்பத்துலேர்ந்து செய்யணும்னு ஹார்வர்ட்ல உட்வர்ட், சூரிக்ல எஷன்மோசர், ரெண்டு பேரோட ஆளுங்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 100 பேர், பத்து வருஷத்துக்கு மேல உழைச்சு 1972-ல முடிச்சாங்க. அந்த வருஷம் டெல்லில நடந்த மாநாட்டுல உட்வர்டே வந்து இதைப்பத்தி பேசுனாரு. வேதியியல் வரலாத்துல மிகப்பெரிய சாதனை, ஆனா அந்த வழில செஞ்ச பி12 மாத்திரை ஒண்ணு கூட கடைக்கு வந்தது இல்ல, ஏன்னா வெறும் தண்ணில, அறை வெப்பத்துல, சர்க்கரையைத் தின்னுட்டு இதையே பாக்டீரியா சும்மா செஞ்சு தள்ளுது. சுமார் 30 ஸ்டெப், ஏறக்குறைய அதே அளவு என்சைம்.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்குது? அமினோலெவுலினிக் ஆசிட்னு ஒரு சின்ன மூலக்கூறு, 5 கார்பன்தான், சுருக்கமா ஏஎல்ஏ. இதைக் கண்டுபிடிக்க வழி போட்ட கதையே தனி. கொலம்பியா பல்கலைக்கழகத்துல டேவிட் ஷெமின்னு ஒருத்தர், ரத்தத்துக்கு சிவப்பு கொடுக்குற ஹீம் எதுலேர்ந்து வருதுன்னு பாக்கணும்னு, நைட்ரஜன்-15 (கொஞ்சம் கனமான நைட்ரஜன்) அடையாளம் போட்ட கிளைசின்ங்கிற அமினோ ஆசிட் 66 கிராமை மூணு நாள்ல அவரே சாப்பிட்டாரு, 1945 வாக்குல. அப்புறம் தன் ரத்தத்தையே அப்பப்ப எடுத்து சோதிச்சா, அந்த நைட்ரஜன் ஹீமுக்குள்ள போய் உக்காந்திருக்கு. போனஸா, மனுஷனோட சிவப்பணு சுமார் நாலு மாசம் உயிரோட இருக்கும்ங்கிற கணக்கும் அதே ரத்தத்துலேர்ந்து கிடைச்சுது. அந்த கிளைசின் போற பாதைல நடுவுல வர்றதுதான் ஏஎல்ஏ, பி12-வும் அதுலேர்ந்துதான் ஆரம்பிக்குதுன்னு பின்னாடி அதே ஷெமின் காட்டுனாரு. இப்ப யாராவது இந்த மாதிரி தானே சாப்பிட்டுப் பாக்குறேன்னு போனா எதிக்ஸ் கமிட்டி வாசல்லயே நிறுத்திடும்.

ரெண்டு ஏஎல்ஏ சேர்ந்தா ஒரு பைரோல், அதாவது நாலு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த சின்ன வளையம். நாலு பைரோலை வரிசையா கோக்கணும். கோக்குற என்சைம் இருக்கே, அது ரொம்ப சுவாரஸ்யமானது, சங்கிலி ஆரம்பிக்க ஒரு பிடிமானம் வேணும்ல, அதுக்கு முதல்ல ரெண்டு பைரோலை தன் உடம்புலயே நிரந்தரமா ஒட்ட வச்சுக்கும். அதாவது தான் கோக்க வேண்டிய பொருளையே தனக்கு ஒரு கொக்கியா மாத்திக்குது. அந்தக் கொக்கில ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு கோத்து, நாலாவது முடிஞ்சதும் அந்த நாலு மட்டும் வெட்டி வெளில விடும், கொக்கி அப்படியே இருக்கும், அடுத்த சங்கிலிக்கு.

இப்ப வெளில வந்த நேர்ச் சங்கிலி ரொம்ப நேரம் சும்மா இருக்காது, சில நிமிஷத்துலயே தானாவே வளைஞ்சு வளையமா மூடிக்கும். இங்கதான் நான் முதல்ல சொன்ன விஷயத்தை நேரா பாக்கலாம். தானா மூடிக்கிட்டா வர்றது யூரோபோர்ஃபிரினோஜன்-1, நாலு வளையமும் ஒரே திசைல அழகா சமச்சீரா இருக்கும், ஆனா உயிருக்கு ஒண்ணுக்கும் உதவாது. உயிருக்கு வேண்டியது யூரோபோர்ஃபிரினோஜன்-3, அதுல நாலாவது வளையம் மட்டும் திருப்பிப் போட்டிருக்கும். அந்தத் திருப்புற வேலைக்குன்னே தனி என்சைம் இருக்கு, சங்கிலி தானா மூடிக்கிறதுக்குள்ள பிடிச்சு, கடைசி வளையத்தைத் திருப்பி, அப்புறம் மூடும். ரியாக்‌ஷன் எப்படியும் நடந்திருக்கும், என்சைம் இல்லன்னா தப்பா நடந்திருக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.

தப்பா நடந்தா என்ன ஆகும்னு பாக்க லேபுக்குப் போக வேணாம். இதே என்சைம் நமக்கும் இருக்கு, ஹீம் செய்ய. பிறவிலேயே இது சரியா வேலை செய்யாத குழந்தைங்க இருக்காங்க, ரொம்ப அபூர்வம், குந்தர் நோய்னு சொல்லுவாங்க. சமச்சீரான அந்த 1-ம் நம்பர் பொருள் உடம்புல சேந்துக்கிட்டே போகும், மூத்திரம் சிவப்பா போகும், குழந்தையோட துணில கறை பாத்துதான் பல இடத்துல முதல்ல சந்தேகமே வரும், பல்லு செம்பழுப்பா இருக்கும், வெயில் பட்டா தோல் கொப்பளிச்சு புண்ணாகும். ஒரே ஒரு வளையம் திரும்பலங்கிறதுக்கு இவ்ளோ.

இந்த யூரோபோர்ஃபிரினோஜன்-3 பெரிய வளையம்தான் நாற்சந்தி. இங்கேர்ந்து ஒரு பாதைல போய் இரும்பு ஏறுனா ஹீம், மெக்னீசியம் ஏறுனா இலைல இருக்குற பச்சையம், நிக்கல் ஏறுனா மீத்தேன் விடுற நுண்ணுயிர்ல இருக்குற எஃப்430, கோபால்ட் ஏறுனா பி12. ரத்தச் சிவப்பும் இலைப் பச்சையும் பி12 ஊசியோட சிவப்பும் ஒரே வளையத்துலேர்ந்து வந்த பங்காளிங்க. செடிகிட்ட இந்த நாற்சந்தி வரைக்கும் எல்லாமே இருக்கு, அங்கேர்ந்து பி12 வரைக்கும் கொண்டு போற முழு என்சைம் வரிசைதான் இல்ல.

அந்தப் பக்கம் திரும்பினா என்ன நடக்குதுன்னு பாப்போம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வளையத்தைச் சுத்தி மெத்தில் ஒட்டணும், ஒரு கார்பன் மூணு ஹைட்ரஜன், அவ்ளோதான் மெத்தில். கொடுக்கிறது எஸ்-அடினோசில்மெத்தியோனின், லேப்ல எல்லாரும் சாம்னுதான் சொல்லுவோம். மொத்தம் 8 மெத்தில், ஒட்டுறது 6 என்சைம், அதுல ரெண்டு என்சைம் ரெண்டு ரெண்டு ஒட்டும். பெரும்பாலும் எல்லாமே ஒரே குடும்பம், ஜாடை ஒரே மாதிரி இருக்கும், எல்லாத்துக்கும் மெத்தில் கொடுக்கிறது அதே சாம், எல்லாம் வேலை பாக்குறது ஏறக்குறைய அதே வளையத்துல. ஆனா ஒண்ணு கூட இடம் மாத்தி ஒட்டாது, வரிசையும் மாறாது. வளையத்துல கார்பனுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கோம், அந்த நம்பர்ப்படி முதல்ல 2, 7, அப்புறம் 20, அப்புறம் 17, 11, 1, கடைசில 5, 15. முன்னாடி ஒட்டின மெத்தில் வளையத்தோட வடிவத்தையும் மின்னணு நிலைமையையும் மாத்துது, அப்படி மாறுனதுதான் அடுத்த என்சைமோட குழிக்குள்ள சரியா உக்காரும். வரிசைக்கு மேஸ்திரின்னு தனியா யாரும் இல்ல, பொருளே வரிசையைக் காப்பாத்திக்குது.

இந்த லிஸ்ட்ல ரெண்டு நம்பர் வினோதமா இருக்கு பாருங்க. ஒண்ணு 20. அந்தக் கார்பன்ல மெத்தில் ஒட்டுறாங்க, ஆனா கடைசி பி12-ல அந்த மெத்தில் மட்டும் இல்ல, அந்தக் கார்பனே இல்ல. ஹீம்ல நாலு வளையத்தை நாலு பாலம் இணைக்கும், பி12-ல மூணுதான், ஒரு பாலம் தூக்கி எறியப்பட்டு ரெண்டு வளையம் நேரா ஒட்டிக்கிட்டிருக்கும். எறியப்பட்டது அந்த 20-ம் நம்பர் பாலம், மெத்திலோட சேர்த்து, காத்துல வாழுற பாக்டீரியால அசிட்டிக் ஆசிடா, அதாங்க வினிகர்ல இருக்குறது, வெளில போயிடும். எதுக்கு வீணா மெத்தில் ஒட்டி எறியணும்னு தோணும். ஒட்டுனாத்தான் அந்த இடம் வெட்டுறதுக்குத் தோதா மாறுது, அதனால அது வீண் இல்ல. இன்னொண்ணு 11. அங்க ஒட்டின மெத்தில் பின்னாடி ஒரு என்சைம் வந்து பக்கத்துல 12-க்குத் தள்ளி வச்சிடும், அதுக்கப்புறம்தான் வளையம் நிலையா நிக்கும்.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா, 1970-கள்ல கேம்பிரிட்ஜ்ல ஆலன் பேட்டர்ஸ்பி, அமெரிக்கால இயன் ஸ்காட், இவங்க கார்பன்-13 அடையாளம் போட்ட மெத்தியோனினை (சாம் இந்த அமினோ ஆசிட்லேர்ந்துதான் உருவாகும்) பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுத்து, அது செஞ்ச பி12-ஐ எடுத்து, எந்த அணு எங்க இருக்குன்னு காந்தப்புலத்தை வச்சுக் காட்டுற என்எம்ஆர் கருவில பாத்தாங்க. பி12 வளையத்தைச் சுத்தி 8 மெத்தில் இருக்கு, ஆனா 7 மட்டும்தான் பளிச்சுனு அடையாளத்தோட தெரிஞ்சுது. எட்டாவது சாம்லேர்ந்து வரல, முன்னாடியே வளையத்துல தொங்கிட்டிருந்த அசிட்டிக் ஆசிட் வால்லேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடை வெட்டிட்டா மிச்சம் நிக்கிறது மெத்தில்தானே, அது. தூக்கி எறியப்பட்ட 20-ம் நம்பர் மெத்தில் கணக்குலயே வரல, அது இருந்ததே பின்னாடிதான் புரிஞ்சுது. துப்பறியும் வேலைன்னா இது.

நடுவுல வர்ற பொருள்கள் இருக்கே, அதுல பல மகா சென்சிடிவ், ஆக்சிஜன் பட்டா கெட்டுடும். இதைத் திறந்த வெளில விட்டா செல்லுக்குள்ளயே பாழாப் போயிடும். கென்ட் பல்கலைக்கழகத்துல மார்ட்டின் வாரன் குழு 2012 வாக்குல இதை நேராவே காட்டுனாங்க, வரிசைல ஒரு குறிப்பிட்ட என்சைமோட நிறுத்திட்டு அந்தக் கடைசி என்சைமைத் தூண்டில் போட்டு எடுத்தா, அது செஞ்ச பொருளும் கூடவே வருது. கட்டட வேலைல சித்தாளுங்க வரிசையா நின்னு செங்கல் கைமாத்துற மாதிரி, அடுத்த கை வந்து பிடிக்கிற வரைக்கும் இந்தக் கை விடாது. அந்தப் பிடிமானத்தை வச்சே அவங்க தனியா பிரிக்க முடியாத பொருளையெல்லாம் பிரிச்சு வடிவம் பாத்தாங்க.

கோபால்ட் எப்ப ஏறும்ங்கிறதுல பாக்டீரியாவுக்குள்ளயே ரெண்டு கட்சி. காத்து இல்லாம வாழுறதுங்க ஆரம்பத்துலயே கோபால்ட்டை வச்சிடும், காத்துல வாழுறதுங்க வளையம் முழுசா முடிஞ்சப்புறம் ஏடிபி, அதாவது செல்லோட எரிசக்தியை, செலவு பண்ணி வைக்கும். காத்துல வாழுறதுங்க அந்தப் பாலத்தை வெட்டுறதுக்கு ஆக்சிஜனையே கருவியா எடுத்துக்குது, மத்ததுங்க கோபால்ட்டோட உதவில வெட்டுது. ஒரே வைட்டமினுக்கு ரெண்டு வழி, கடைசில வர்ற பொருள் ஒண்ணுதான்.

வளையம் முடிஞ்சாலும் பி12 முடியல. கோபால்ட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தாங்கல் வேணும், டைமெத்தில்பென்சிமிடசோல்னு பேரு, சுருக்கமா டிஎம்பின்னு வச்சுக்கலாம். இது எங்கேர்ந்து வருதுன்னு ரொம்ப நாள் குழப்பம், பி2-லேர்ந்து வருதுன்னு மட்டும் தெரியும், எப்படின்னு தெரியல. 2007-ல எம்ஐடில கிரஹாம் வாக்கர் லேப்ல மிச்சிகோ டாகா குழு கண்டுபிடிச்சுது: ப்ளூபின்னு ஒரே ஒரு என்சைம், பி2-வோட செயல்படுற வடிவமான எஃப்எம்என்னை எடுத்து, ஆக்சிஜனை வச்சு உடைச்சுப் போட்டு, அந்த உடைசல்லேர்ந்து டிஎம்பியை எடுக்குது. அதாவது ஒரு வைட்டமினைக் கொன்னுதான் இன்னொரு வைட்டமினோட ஒரு துண்டு. பல என்சைம் சேர்ந்து செய்யுற வேலையா இருக்கும்னு பலரும் எதிர்பார்த்தது, ஒண்ணே முடிச்சிடுது. இதைவிட மோசம் ஈஸ்ட் பி1 செய்யுற விதம், அங்க ஒரு என்சைம் வேண்டிய கந்தகத்தைத் தன் சொந்த உடம்புல இருக்குற சிஸ்டீன்ங்கிற அமினோ ஆசிட்லேர்ந்தே பிச்சுக் கொடுக்கும், ஒரு தடவை கொடுத்தா அதோட அந்த என்சைம் செத்துடும். வினையூக்கி ரியாக்‌ஷன்ல செலவாகாதுன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதுக்கு இது விதிவிலக்கு.

இவ்ளோவும் தெரிஞ்சப்புறம் செஞ்சு பாக்கணும்ல. ஃபிரான்ஸ்ல ரோன்-பூலாங்க் கம்பெனி ஆளுங்க 1990 வாக்குல பி12 ஜீன்களை ஒவ்வொண்ணா பிடிச்சாங்க, அதை வச்சு ஸ்காட் குழு 1994-ல 12 என்சைமை ஒரே குடுவைல ஏஎல்ஏ-வோட போட்டு, 17 ஸ்டெப் தாண்டி வளையத்தை அப்படியே எடுத்தாங்க, சுமார் 20 சதவீதம் தேறுச்சு. 17 ஸ்டெப்புக்கு 20 சதவீதம்னா, ஒவ்வொரு ஸ்டெப்லயும் 90 சதவீதத்துக்கு மேல சரியா நடந்திருக்குன்னு அர்த்தம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாத்தவங்களுக்கு இந்த நம்பர் வயித்தெரிச்சலைக் கிளப்பும். 2018-ல சீன ஆராய்ச்சியாளர்கள் வேற வேற பாக்டீரியாலேர்ந்து 28 ஜீன் எடுத்து ஈ.கோலைங்கிற குடல் பாக்டீரியாவுக்குள்ள வச்சு, தானா முழு பி12 செய்யத் தெரியாத அதையே செய்ய வச்சாங்க.

இப்ப ரெண்டாவது கேள்வி. செடி ஏன் செய்யல? தேவையில்ல, அதான். நம்ம உடம்புல பி12-ஐ வச்சு வேலை பாக்குறது ரெண்டே ரெண்டு என்சைம், அதுல ஒண்ணு மெத்தியோனின் செய்யுறது. செடிக்கு அதே வேலையை பி12 இல்லாமலே செய்யுற வேற என்சைம் இருக்கு. தேவையில்லாத பொருளுக்கு 30 என்சைம் யாரு வச்சு சோறு போடுவா. விலங்குகளுக்கு தேவை இருக்கு, ஆனா செய்யத் தெரியாது. பி12-ஐ ஆரம்பத்துலேர்ந்து கட்டுறது சில பாக்டீரியாவும், ஆர்க்கியான்னு பாக்டீரியா மாதிரியே இருக்குற வேற வகை நுண்ணுயிரும் மட்டும்தான்.

அப்ப மாடு புல்லு மட்டும் தின்னுட்டு எப்படி இருக்கு? அதோட முதல் வயித்துல இருக்குற பாக்டீரியா செஞ்சு கொடுக்குது. இதுக்கு ஆஸ்திரேலியால 1930-கள்ல ஒரு நல்ல ஆதாரம் கிடைச்சுது, கடற்கரைப் பக்கம் சில மேய்ச்சல் நிலத்துல ஆடுங்க வயிறு நிறைய மேஞ்சும் மெலிஞ்சு மெலிஞ்சு செத்துச்சு, காரணம் மண்ணுல கோபால்ட் இல்ல. கோபால்ட்டை வாய் வழியா கொடுத்தா ஆடு பிழைச்சுது, ரத்தத்துல ஊசி போட்டா சரியா பலன் இல்ல. அப்ப ஏன்னு புரியல, பின்னாடி பி12-க்குள்ள கோபால்ட் இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் புரிஞ்சுது: கோபால்ட் தேவைப்பட்டது ஆட்டுக்கு இல்ல, ஆட்டோட வயித்துல இருக்குற பாக்டீரியாவுக்கு.

நம்ம பெருங்குடல்லயும் பி12 செய்யுற பாக்டீரியா இருக்கு. ஆனா பி12-ஐ உறிஞ்சுற இடம் சிறுகுடலோட கடைசி பகுதி, அது பெருங்குடலுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது, அதனால அங்க செய்யுறது நேரா வெளிலதான் போகுது. முயல் தன் புழுக்கையையே தின்னு இந்தச் சிக்கலைத் தீத்துக்குது, நமக்கு அந்த வழி வேணாம்.

பாலு, தயிர், முட்டை, மீன், கறி இதுலதான் நமக்குக் கிடைக்கும். ஒரு நாளைக்குத் தேவை 2-லேர்ந்து 2.5 மைக்ரோகிராம்தான், ஆனா அதுவே பல பேருக்குக் கிடைக்கல. ஸ்பைருலினால பி12 கொட்டிக்கிடக்குன்னு ஃபார்வர்டு வரும், அதை நம்பாதீங்க. அதுல இருக்குறதுல பெரும்பகுதி கீழ்த்தாங்கல் மாறுன பொருள், டிஎம்பிக்கு பதிலா அடினின் உக்காந்திருக்கும், அதை நம்ம வயித்துல பி12-ஐப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற புரதம் சரியா பிடிக்காது. பாக்டீரியாவை வளத்துப் பாக்குற சில பழைய டெஸ்ட்ல அதுவும் பி12-ஆவே கணக்காகிடும், அதனால டப்பால பெரிய நம்பர் போட்டிருந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல.

மாத்திரை செயற்கைதானேன்னு கேக்குறவங்களுக்கு: மாத்திரைல இருக்குறதும் தொட்டில வளத்த பாக்டீரியா செஞ்சதுதான், பிரிச்சு எடுக்கும்போது நிலையா இருக்கணும்னு சயனைடு சேர்க்குறாங்க, அதான் சயனோகோபாலமின். பேரைக் கேட்டு பயப்பட வேணாம், 1000 மைக்ரோகிராம் மாத்திரைல சயனைடு பங்கு 20 மைக்ரோகிராமுக்கும் கீழதான், உடம்பு அதைப் பிரிச்சு சுலபமா வெளில தள்ளிடும். பாலும் தொடாத வீகனா இருந்தா மாத்திரை கண்டிப்பா வேணும், கை கால் மரத்துப்போறது, நடக்கும்போது தடுமாறுறது மாதிரி இருந்தா டாக்டர்கிட்ட போய் ரத்தத்துல அளவு பாத்துடுங்க, நாளாச்சுன்னா நரம்புச் சேதம் முழுசா திரும்பாமலே போயிடலாம்.